1915: கல்லெறிந்தவர்களும் கைதானவர்களும்

"சேர், 1915 கலவரத்தில் அடிபட்டது நாங்கள். பிறகு ஏன் டி.எஸ். சேனாநாயக்கவை ஜெயிலில் போட்டாங்க?" பத்தாம் தரப் பிள்ளை ஒன்று நேற்று கேட்டது.

கண்டியில் வெசாக் ஊர்வலத்தோடு தொடங்கிய கலவரம் சில நாட்களில் கொழும்பு வரை பரவியது. எங்கள் கடைகளும் பள்ளிவாசல்களும் சூறையாடப்பட்டன. அரசுக் கணக்கில் 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். ஜூன் 2இல் ஆளுநர் சாமர்ஸ் இராணுவச் சட்டம் பிறப்பித்தார்.

கொள்ளையடித்தவர்களைப் பிடித்தது சரி. ஆனால் அத்தோடு நிற்கவில்லை. உலகப்போர்க் காலம், கலவரத்தை வெள்ளையர் தங்களுக்கு எதிரான சதியாகப் பார்த்தார்கள். அதனால் சாராயத் தவறணைகளை எதிர்த்த மதுவிலக்கு இயக்கத்தார் சிக்கினார்கள். டி.பி. ஜயதிலக்க, சேனாநாயக்க சகோதரர்கள் ஒரு கல்லும் எறியாமல் சிறைக்குப் போனார்கள். ஹென்றி பேதிரிஸை ஜூலை 7இல் சுட்டே கொன்றார்கள்.

இதைச் சட்டசபையில் கண்டித்துப் பேசியவர் சேர் பொன். இராமநாதன். எங்கள் இழப்பை அவர் பெரிதாக எடுக்கவில்லை என்ற மனக்குறை நம்மவர்களிடம் இன்னும் உண்டு, எனக்கும்தான். ஆனாலும் அந்தக் கைதுகளைப் பற்றி அவர் சொன்னது நியாயம். பிள்ளைக்கும் அப்படித்தான் சொன்னேன்.

அதே டி.எஸ்ஸின் 1947 அமைச்சரவையில் நம்முடைய டி.பி. ஜாயா தொழில் அமைச்சராக இருந்தார்.