பின்னூட்டம் பெறுபவர் யார்? குழந்தை வளர்ப்பு ஆய்வுகளும் பணியிட மதிப்பீடும்

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்ற பழமொழி சம்பள உயர்வுக் காலத்தில் நம் அலுவலகங்களில் தவறாமல் காதில் விழும். வேண்டியதை வாய்விட்டுக் கேட்டவருக்கே கிடைக்கும் என்பது அதன் உட்பொருள். பொறுப்பு முழுவதையும் அழுகிறவர் தலையில் கட்டும் இந்தப் பார்வை பணியிடப் பின்னூட்டத்தைப் பற்றிய நம் சிந்தனையையே திசைமாற்றிவிட்டது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மேலாண்மைப் பேச்சில் பெற்றோர் உவமை வரும்போதெல்லாம் மேலாளர் தாய்தந்தையாகிறார், ஊழியர் பிள்ளையாகிறார். பாராட்டையும் கண்டிப்பையும் எந்த அளவில் கலப்பது என்பதே அங்கே கேள்வி. இது ஊழியரைச் சிறுமைப்படுத்துவது ஒருபுறமிருக்க, உவமையே தலைகீழானது. பிறந்த முதல் மாதங்களில் பின்னூட்டம் கொடுப்பது குழந்தை, பெறுவது பெற்றோர். நள்ளிரவில் பிள்ளை வீறிடுகிறது. பால் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. துணி நனைந்திருக்கிறதா என்று தாய் தொட்டுப் பார்க்கிறாள், இல்லை. தோளில் போட்டு முதுகைத் தட்டுகிறாள். ஏப்பம் வந்ததும் அழுகை அடங்குகிறது. வந்த சேதியில் பணிவும் இல்லை, தெளிவும் இல்லை. ஆனாலும் ஊகித்து, செய்துபார்த்து, விளைவை அந்தக் கணமே கவனிப்பதால் அவள் கற்றுக்கொள்கிறாள். சொல்லத் தெரியவில்லை என்று பிள்ளையை யாரும் பயிற்சி வகுப்புக்கு அனுப்புவதில்லை.

கொடுக்கும் கலையை மெருகேற்றினால் போதும் என்ற நம்பிக்கையை ஆய்வாளர்கள் அவ்ராம் க்ளூகரும் ஏஞ்சலோ டெனிசியும் 1996இலேயே அசைத்துவிட்டார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அவர்களுடைய தொகுப்பாய்வில் பின்னூட்டம் சராசரியாகச் செயல்திறனை உயர்த்தியது உண்மை. ஆயினும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது.

பெறுபவரின் பக்கம் திரும்பினால் ஒரு முரண் எதிர்ப்படுகிறது. பால்டிமோரில் 26 குழந்தைகளை முதல் ஆண்டு முழுவதும் அவரவர் வீட்டிலேயே கவனித்து, சில்வியா பெல்லும் மேரி எயின்ஸ்வொர்த்தும் 1972இல் ஆய்வு முடிவை வெளியிட்டனர். அழுகைக்குத் தாய் விரைந்து செவிசாய்த்த வீடுகளில் ஆண்டின் இறுதியில் அழுகை குறைந்திருந்தது. ஏமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட மருத்துவமனை ஆய்வோ இதற்கு நேரெதிராகத் தோன்றும்: செவிலியர் மேலாளர் காதுகொடுத்துக் கேட்கும் பிரிவுகளிலேதான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. ஒன்றில் செவிசாய்ப்பு ஓசையைக் குறைக்கிறது, மற்றதில் கூட்டுகிறது. முடிச்சு பெல், எயின்ஸ்வொர்த் ஆய்வின் மற்றொரு முடிவில் அவிழ்கிறது. செவிசாய்க்கப்பட்ட குழந்தைகள் அழுகையை விட்டு முகபாவம், சைகை, குரல் எனப் பலவகையாகச் சேதி சொல்லப் பழகியிருந்தன. குறைந்தது அழுகை, பெருகியது பேச்சு. மருத்துவமனையிலும் பெருகியது பிழையல்ல, பிழையைப் பற்றிய பேச்சுதான். ஆய்வாளர்கள் கெவிர்ட்ஸும் பாய்டும் 1977இல் பால்டிமோர் ஆய்வின் முறையியலை வலுவாகவே எதிர்த்தனர். அந்த எதிர்ப்பைப் புறந்தள்ள முடியாது. ஆனால் செவிசாய்ப்பு அழுகையையே வளர்க்கும் என்ற அவர்கள் தரப்பு, இந்தப் பலவகைப் பேச்சை விளக்கப் போதாது என்பது என் கணிப்பு.

செவிசாய்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை எட்வர்ட் ட்ரானிக் குழுவினர் 1978இல் வெளியிட்ட சோதனை காட்டுகிறது. தாய் திடீரென முகத்தைச் சலனமற்று வைத்துக்கொள்கிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, மீண்டும் மீண்டும் முயல்கிறது. பலிக்காமல் போகவே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அலுவலகத்தில் இந்தக் கடைசி நிலைக்கு 'பிரச்சினை ஒன்றும் இல்லை சார்' என்று பெயர். மேலாளர் அதைத் திருப்தி என்று குறித்துக்கொள்கிறார்.

குழந்தைக்கு வேலை போகும் பயம் கிடையாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தன் ரேட்டிங்கைத் தீர்மானிப்பவரிடம் ஊழியர் எதையும் வடிகட்டித்தான் பேசுவார். அதனாலேயே பெறுபவரின் கடமை கூடுகிறது: பிள்ளையின் அழுகை தானாக வந்து சேரும், ஊழியரின் குறையைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் ஊழியர் எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதற்குப் பத்திகள் ஏராளம். மேலாளர் தமக்குக் கீழே உள்ளவர்கள் சொன்னதைக் கேட்டு இந்த ஆண்டு எதை மாற்றினார் என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்கப்பட வேண்டும். அது வெறுமையாக இருந்தால் முதலில் மதிப்பெண் குறைய வேண்டியது மேலாளருக்கே.