எந்தக் கணக்கில் எழுதுவது?

1920 செப்டம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கலாம்; செலவு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவைத் தாண்டக் கூடாது. மன்றத் தலைவர் பிட்டி தியாகராயர் சொன்ன காரணத்தில் உருக்கமான பேச்சு எதுவும் இல்லை. அந்தப் பகுதிப் பிள்ளைகள் பரம ஏழைகள், அதனால் பள்ளியில் சேருவோர் தொகை பெரிதும் அடிபடுகிறது என்பதுதான் அவர் வைத்த நியாயம். தி. நகருக்குத் துணி எடுக்கப் போகிறவர்களில் பலருக்கு அந்த ‘தி’ இவர் பெயரின் முதல் எழுத்து என்பது தெரியாது. ஆனால் மதிய உணவுத் திட்டத்தின் வரலாறு எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தத் தீர்மானத்தில்தான் தொடங்குவார்கள். தொடக்கத்தைவிட, ஐந்தாண்டு கழித்து அது நிறுத்தப்பட்ட விதம் நமக்கு அதிகம் சொல்லக்கூடியது என்று நினைக்கிறேன். நகரத்து ஏழைக் குடும்பத்துக்குப் பொருளாதார முடிவும் பள்ளிக்கூட முடிவும் ஒரே அடியாகத்தான் வந்து விழுகின்றன. அவை இரண்டு வெவ்வேறு செலவினங்களாக இருப்பது அரசாங்கத்தின் கணக்குப் பேரேட்டில் மட்டும்தான். இரண்டுக்கும் நடுவே யார், எங்கே கோடு போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே சென்னையின் பொதுப் பள்ளிகள் இந்த நூறாண்டில் நிரம்பியும் காலியாகியும் வந்திருக்கின்றன.

அந்த ஓர் அணாவின் எடையை அறிய அன்றைய சென்னையைப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போரின் கடைசி ஆண்டில் அரிசியும் துணியும் எட்டாத விலைக்குப் போயின. 1918 செப்டம்பரில் நகரத்தின் கடைகள் சூறையாடப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில்தான் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை மையமாகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாகியிருந்தது. 1921இல் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்து, புளியந்தோப்பு வட்டாரம் சாதிக் கலவரத்தில் எரிந்தது. இப்படிப்பட்ட நகரத்தில், எட்டு வயதுப் பிள்ளை ஒன்று பள்ளிக்குப் போவதா, கூடை தூக்குவதா, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு தாயைக் கூலிக்கு அனுப்புவதா என்பதை அரிசி விலைதான் முடிவு செய்தது. பள்ளியில் கட்டணம் இல்லாவிட்டாலும் அந்தப் படிப்பு இலவசம் ஆகிவிடாது. பிள்ளை கொண்டுவரக்கூடிய சிறு காசை வீடு இழக்கிறது, மதியம் அதற்கு ஊட்ட வேண்டிய பாடும் தீரவில்லை. இந்த இரண்டு பாரங்களில் ஒன்றைத்தான் மாநகராட்சி தன் தோளுக்கு மாற்றிக்கொண்டது.

விளைவு சீக்கிரமே தெரிந்தது. திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. ஐந்து பள்ளிகளிலுமாக 1922-23இல் 811ஆக இருந்த பிள்ளைகள் தொகை 1924-25இல் 1,671 ஆனது. இரண்டே ஆண்டில் இரட்டிப்புக்கும் மேல். அத்தனை பேரும் தினமும் சாப்பிட்டிருந்தாலும், ஓர் அணா வரம்பின்படி நாளொன்றுக்குச் செலவு 104 ரூபாய்ச் சில்லறைதான். ஆனால் இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பதில் சிக்கல் முளைத்தது. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், உள்ளாட்சிகள் கல்வி வரி விதிக்கவும் தொடக்கக் கல்வி நிதி என்று தனி நிதி வைத்துக்கொள்ளவும் வழி செய்திருந்தது. கல்விக்கென வைத்த நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிப்பதை மாகாண அரசு ஏற்கவில்லை. 1925 ஏப்ரல் முதல் நாள், புதிய நிதியாண்டு பிறந்தபோது, சிற்றுண்டி நின்றது. பள்ளிகளில் பிள்ளைகளின் தொகையும் இறங்கியது.

இதில் வெள்ளைக்கார அரசின் கல்நெஞ்சத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவது எளிது. ஆனால் 1925இல் மாகாணத்தில் அமைச்சரவை நடத்திக்கொண்டிருந்தது தியாகராயரின் சொந்தக் கட்சியான நீதிக்கட்சி. பனகல் அரசர் முதல் அமைச்சர். கல்வித் துறை அதே கட்சியின் ஏ. பி. பாத்ரோவிடம் இருந்தது. இரட்டையாட்சி முறையில் கல்வி இந்திய அமைச்சர்களுக்கு மாற்றப்பட்ட துறை. நிதியோ ஆளுநரின் நிர்வாகக் குழு தன்னிடமே வைத்துக்கொண்ட துறை. படிப்பைப் பற்றி முடிவெடுப்பவர் ஒருவர், பணத்தைப் பற்றி முடிவெடுப்பவர் இன்னொருவர். ஆயிரம் விளக்கில் ஒரு தாய் காலையில் கண்ட மாற்றத்துக்கு இவர்களில் யாரைக் கேட்பது? கேட்கத்தான் அவளிடம் என்ன இருந்தது? அன்றைய மாநகராட்சித் தேர்தலில் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே வாக்கு. பள்ளியில் சாப்பிட்ட பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலோர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்கள் கருத்து பதிவான ஒரே அரசு ஆவணம் பள்ளியின் வருகைப் பதிவேடு. பிள்ளையை அனுப்பினால் சம்மதம், நிறுத்தினால் மறுப்பு. 1,671 என்ற எண்ணை ஒரு நலத்திட்டத்தின் சாதனைக் கணக்காகப் படிப்பதைவிட, வாக்கில்லாத மக்கள் நகர நிர்வாகத்துக்குச் சொன்ன பதிலாகப் படிப்பதே பொருத்தம்.

இந்த வாசிப்புக்கு எதிராகச் சில நியாயமான கேள்விகள் உண்டு. ஐந்து பள்ளிகளின் எண்ணிக்கையை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்பது முதலாவது. நகரத்தில் மக்கள்தொகை கூடிக்கொண்டிருந்தது. கட்டாயக் கல்வியைப் பற்றிய பேச்சும் பரவிக்கொண்டிருந்தது. சேர்க்கை கூடியதற்கு அவையும் காரணமாக இருக்கலாம். ஏற்றம் மட்டுமே கையில் இருந்தால் இந்த மறுப்புக்கு நான் தலைவணங்குவேன். இறக்கமும் சேர்ந்து இருக்கிறது. மக்கள்தொகை 1925 ஏப்ரலில் குறைந்துவிடவில்லை, சட்டமும் ரத்தாகிவிடவில்லை. நீக்கப்பட்டது சிற்றுண்டி ஒன்றுதான். எவ்வளவு ஏற்றத்துக்குச் சோறு காரணம் என்று அளந்து சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்ளலாம். அது காரணமே இல்லை என்று சொல்ல இடமில்லை.

இரண்டாவது கேள்வி பழையது, இன்றும் ஓயாதது: சாப்பாட்டுக்காக வரும் பிள்ளை படிக்க வந்த பிள்ளையா? கல்விப் பணத்தை ஆசிரியருக்கும் பலகைக்கும் செலவிட்டால் தரம் உயருமே? ஆசிரியர் சம்பளத்தைப் பிடித்துச் சோறு போட்டால் இந்தக் கேள்விக்கு வலு உண்டு. ஆனால் காலியான பெஞ்சுகளுக்கு முன்னால் நிற்கும் ஆசிரியருக்குக் கொடுக்கும் சம்பளமும் கல்விச் செலவாகத்தான் எழுதப்படுகிறது. அதை யாரும் தணிக்கையில் கேட்பதில்லை. கட்டடம் எழுப்புவது கல்வி, பிள்ளையை அந்தக் கட்டடத்துக்குள் கொண்டுவருவது கல்வியல்ல என்கிற பிரிப்பு, வயிறு நிறைந்தவர்கள் செய்த பிரிப்பு. அரசின் சட்ட வாதத்தையும் இதனால் அற்பம் என்று தள்ள வேண்டியதில்லை. ஒரு நோக்கத்துக்கென வசூலித்த வரியை இன்னொன்றுக்குத் திருப்பக் கூடாது என்பது நல்ல விதி. இல்லாவிட்டால் பள்ளிப் பணம் நாளைக்குச் சாலைக்கும் போகும். தவறு விதியில் இல்லை. கல்வியின் எல்லைக்குள் எது அடங்கும் என்பதை ஏழைப் பெற்றோரின் நடத்தையைப் பார்த்து முடிவு செய்யாமல், செலவினத் தலைப்பைப் பார்த்து முடிவு செய்ததில்தான் தவறு.

1927இல் சிற்றுண்டி திரும்பி வந்தது, ஆனால் ஆள் மாறிப்போய். இருபத்தைந்து பள்ளிகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு என்று வரையறுத்தார்கள். சராசரியாகப் பள்ளிக்கு நாற்பது பேர். முன்பு ஒரு பள்ளி தேர்ந்தெடுக்கப்பட்டது. இப்போது பள்ளிக்குள் பிள்ளை தேர்ந்தெடுக்கப்பட்டது. அதிகப் பள்ளிகளுக்குப் பரவியது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஒரே வகுப்பில் சிலர் எழுந்து போய்ச் சாப்பிட, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை இதில் அடங்கியிருக்கிறது. யார் போதிய அளவு ஏழை என்பதை ஒருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘தகுதியானோருக்கு மட்டும்’ என்ற நிபந்தனையை இன்று புதிய பொருளாதார ஞானமாகப் பேசுவோர், சென்னை அதை 1927இலேயே செய்து பார்த்தது என்பதை நினைவில் வைக்கலாம். பின்னால் வந்த பெரிய திட்டங்கள் காலப்போக்கில் அந்தப் பாதையைக் கைவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளை யாராக இருந்தாலும் கேட்டால் சோறு என்ற இடத்துக்கே திரும்பின.

அந்தப் பெரிய திட்டங்களின் காலத்தில் நகரத்துக்கு வேறொரு தலைவலி வந்தது. ஏழ்மை என்றால் கிராமம் என்ற எண்ணம் கோட்டையில் வேரூன்றிவிட்டது. 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அது கிராமப்புறப் பள்ளிகளுக்கானது. நகரப் பிள்ளை தப்பித்தது என்றே சொல்ல வேண்டும். எதிர்ப்பு முற்றி, அடுத்த ஆண்டே ஆட்சி மாறித் திட்டம் கைவிடப்பட்டது. காமராசர் காலத்து மதிய உணவு முதலில் ஊர் மக்களின் நன்கொடையை நம்பி நின்றது. 1957 முதல் அரசு பணம் கொடுக்கத் தொடங்கியது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு, அதில் ஆறு காசு அரசுடையது, நான்கு காசு உள்ளூருடையது. எந்தக் கணக்கில் எழுதுவது என்ற பழைய கேள்விக்கு அதுதான் ஒழுங்கான முதல் பதில்: இரண்டு பேரேட்டிலும். எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை முதல் நாள் கிராமங்களில் தொடங்கியது. நகரங்களுக்கு வந்தது செப்டம்பர் 15இல். இரண்டரை மாத இடைவெளி பெரிதல்ல. ஆனால் எண்ணத்தின் வரிசை அதில் தெரிகிறது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது முதல் கட்டத்தில் மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகள் நிறைய இருந்தன. வரிசை மாறிவிட்டதாகத் தோன்றியது. அரசு உதவிபெறும் பள்ளிகளின் முறை வந்தபோது பழைய வழக்கம் திரும்பியது. 2024 ஜூலையில் ஊரகப் பள்ளிகள், 2025 ஆகஸ்டில்தான் நகரப் பள்ளிகள். கிராமத்தில் பசி அதிகம் என்பது இதற்குச் சொல்லக்கூடிய சமாதானம். பொதுவாக அது உண்மை. ஆனால் குடிசையில் வாடகை கொடுத்து, தண்ணீரைக் குடக்கணக்கில் வாங்கி, விடியும் முன் வேலைக்குக் கிளம்பும் பெற்றோரின் வீட்டில் காலைச் சமையல் நடப்பது கிராமத்தைவிட எளிதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

கேட்பதற்கு மன்றம் என்று ஒன்று வேண்டுமே. மஸ்டர் ரோல் எனப்படும் தினக்கூலிப் பட்டியலில் நடந்த ஊழலைக் காரணம் காட்டி 1973 டிசம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல். இடைப்பட்ட காலம் முழுவதும் தனி அலுவலர்களின் ஆட்சி. இப்போது எல்லோருக்கும் வாக்குரிமை இருந்தது. போடத்தான் நகர மன்றத் தேர்தல் இல்லை. அதே காலத்தில்தான் மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பல்கலைக்கழகத்தின் கையிலிருந்து தனி வாரியத்துக்கு மாறி, தெருவுக்குத் தெரு பெருகின. ஆட்டோ ஓட்டுநரும் வீட்டு வேலை செய்பவரும்கூடக் கடன் வாங்கிப் பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கினார்கள். மாநகராட்சிப் பள்ளிகளின் பதிவேடுகள் மெலிந்தன. இது ஆங்கில மோகம் மட்டும்தான் என்று சொல்லிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. மோகம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் தங்கள் வார்டுப் பள்ளியில் கழிப்பறை பூட்டிக் கிடந்தாலோ ஆசிரியர் இடம் காலியாக இருந்தாலோ போய்ச் சண்டை போட ஒரு கவுன்சிலர்கூட இல்லாத இருபத்துச் சொச்சம் ஆண்டுகள் அவை. சண்டை போட முடியாதவர்கள் வெளியேறினார்கள். 1925இல் நடந்ததும் இதுவே. அப்போது வெளியேறிய பிள்ளை வேலைக்குப் போனது, இப்போது தனியார் பள்ளிக்குப் போனது. 2020-21 ஊரடங்கில் வருமானம் போனபோது கட்டணம் கட்ட முடியாத பெற்றோர் பலர் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.  வீட்டு வரவுசெலவு மாறியது, பதிவேடும் மாறியது.

தியாகராயர் காலத்துச் சட்டம் பெற்றெடுத்த கல்வி வரி இன்றும் சென்னைச் சொத்துவரிக்குள் ஒரு பங்காக இருக்கிறது. அதை நேரடியாகக் கட்டும் வீட்டுக்காரர்களின் பிள்ளைகளில் மிகப் பலர் மாநகராட்சிப் பள்ளி வாசலை மிதிப்பதில்லை. ஆகவே அந்தப் பணம் எப்படிச் செலவாகிறது என்று அவர்கள் கேட்பதும் அரிது. பிள்ளையை அங்கே அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். வீட்டுக்காரர் வாடகை ஏற்றும்போது அந்த வரியையும் சேர்த்துத்தான் அவர்கள் கொடுக்கிறார்கள். ஆனால் ரசீது வீட்டுக்காரர் பெயரில் வருகிறது.