பிரேசில்: 94, 132, 142

இந்த எபிசோடை ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்கணும்.

எதிர்காலத்தை இருட்டாகக் காட்டும் படங்களைப் பற்றி முன்னாடி ஒரு எபிசோடு போட்டிருந்தோம், ஞாபகம் இருக்கலாம். அதில் டெர்ரி கில்லியம் இயக்கிய 'பிரேசில்' படத்தை நான் ரொம்ப அலட்சியமாகப் பேசியிருந்தேன். "அரசாங்கத்தை இவ்வளவு கிண்டல் பண்ணிட்டு, கடைசியில் காதலனும் காதலியும் தப்பிச்சுப் போய் சந்தோஷமா இருந்தாங்கன்னு முடிச்சுட்டார். தைரியம் போதலை." இதுதான் நான் கொடுத்த தீர்ப்பு.

இரண்டு நாளில் ஒரு நேயரிடமிருந்து மெயில் வந்தது. ஒரே வரிதான்: "நீங்க பார்த்தது எத்தனை நிமிஷப் படம்?"

காலேஜ் ஹாஸ்டலில் கைமாறி கைமாறி வந்த ஹார்ட் டிஸ்க் இன்னும் வீட்டில் கிடக்கிறது. எடுத்து மாட்டிப் பார்த்தேன். 94 நிமிஷம். இயக்குநருடைய வெர்ஷன் 142 நிமிஷம். அதாவது படத்தில் மூன்றில் ஒரு பங்கை நான் பார்க்கவே இல்லை. பார்த்த முடிவும் கில்லியம் வைத்த முடிவு இல்லை. அந்த மாதிரி முடிவு வரக்கூடாது என்றுதான் அந்த மனுஷன் ஒரு பெரிய ஸ்டூடியோவோடு மல்லுக்கட்டினார். நான் அவரைப் பார்த்துத்தான் "தைரியம் போதலை" என்று சொல்லியிருக்கேன்.

அதனால் இன்றைக்கு படத்தை விமர்சனம் பண்ணப் போவதில்லை. அது வீட்டுக்கு வந்த பெட்டிகளை மதிப்பிடப் போறோம். லேசர்டிஸ்க், டிவிடி, ப்ளூ-ரே. எந்தப் பெட்டியில் எந்தப் படம் இருக்கு, ஏன் இருக்கு? முடிவைப் பற்றிப் பேசாமல் இதைப் பேச முடியாது. படம் பார்க்காதவங்க இங்கேயே நிறுத்திட்டு, பார்த்துட்டு வாங்க.

ஒரு ஈ விழுந்த கதை

முதலில் படம். தகவல் அமைச்சகம் என்று ஒரு பிரம்மாண்டமான அலுவலகம். ஒரு ஊழியர் ஒரு ஈயை அடிக்கிறார். அது செத்து, ஆணைகளை அச்சடிக்கும் மெஷினுக்குள் விழுகிறது. 'டட்டில்' என்று அடிக்க வேண்டிய பெயர் 'பட்டில்' என்று அடிபடுகிறது. டட்டில் என்பவர் ஹீட்டிங் மெக்கானிக். படிவம் எதுவும் நிரப்பாமல் வீடு வீடாகப் போய் ரிப்பேர் பண்ணுவதால் அரசாங்கத்துக்கு அவர் தேடப்படும் ஆள். ராபர்ட் டி நீரோ நடித்திருப்பார். பட்டில், கிறிஸ்துமஸ் நேரத்தில் மனைவி குழந்தைகளோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஓர் அப்பாவி. போலீஸ் கூரையை ஓட்டை போட்டு இறங்கி அவரை மூட்டை கட்டிக்கொண்டு போகிறது. அழுதுகொண்டிருக்கும் மனைவியிடம் ஓர் அதிகாரி, கணவனைப் பெற்றுக்கொண்டதற்கு முறைப்படி ரசீது கொடுக்கிறார். அந்த ரசீதைப் பெற்றுக்கொண்டதற்கு அந்தம்மாவிடம் இன்னொரு கையெழுத்து வாங்குகிறார்.

சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் அந்த சிரிப்பு தொண்டையில் மாட்டும். ஏன்னா பட்டில் விசாரணையில் செத்துப் போகிறார். விசாரணைக்கான கட்டணத்தை வேறு அந்தக் குடும்பத்திடம்தான் பிடித்திருக்கிறார்கள். ஆள் தப்பு என்று தெரிந்ததும் பணத்தைத் திருப்பித் தர ஒரு செக். அதை எடுத்துக்கொண்டு போகிற குமாஸ்தாதான் நம்ம ஹீரோ சாம் லௌரி, நடித்தவர் ஜொனதன் பிரைஸ். அந்தம்மாவுக்குச் செக் வேண்டாம். கணவரின் உடல் எங்கே என்றுதான் கேட்கிறார். சாமிடம் அதற்குப் பதில் இல்லை. அவன் செய்ததெல்லாம் வேலையை ஒழுங்காகச் செய்ததுதான்.

நாங்க சாஃப்ட்வேர்காரங்க தினமும் 'பக்' என்று சொல்கிறோமே, இந்தப் படத்தில் அது நிஜமாகவே ஒரு பூச்சி. மெஷின் தப்பு பண்ணுவது படத்தில் பெரிய விஷயம் இல்லை. தப்பு நடந்தது என்று ஒப்புக்கொள்ள ஒரு படிவம்கூட இல்லாததுதான் பெரிய விஷயம்.

கடைசியில் சாமையே பிடித்து நாற்காலியில் கட்டுகிறார்கள். சித்திரவதை செய்ய வருபவன் அவனுடைய பழைய நண்பன், சொந்தமாகக் குழந்தை குட்டி உள்ள ஜாக். திடீரென்று டட்டில் ஆட்களோடு வந்து சாமைக் காப்பாற்றுகிறான். சாம் காதலியோடு ஊரை விட்டுத் தப்பி, பச்சைப் பசேல் என்று ஓர் இடத்துக்குப் போய்விடுகிறான். என்னுடைய 94 நிமிஷ ஃபைல் இந்த சந்தோஷத்தோடு முடிகிறது. கில்லியமின் படத்தில் இதற்கப்புறம் ஒரு காட்சி உண்டு. சாம் அதே நாற்காலியில்தான் இருக்கிறான். தப்பித்தது முழுக்க அவன் மனசுக்குள் நடந்தது. புத்தி பேதலித்து, பாட்டை முணுமுணுத்தபடி உட்கார்ந்திருக்கிறான்.

அந்த ஒரு காட்சி இல்லையென்றால், அதற்கு முன் பார்த்ததெல்லாமே வேறு படமாக மாறிவிடுகிறது.

மூன்று நீளங்கள் எப்படி வந்தன

படம் 1985 பிப்ரவரியில் ஐரோப்பாவில் வெளியானது, 142 நிமிஷம். அங்கே வெளியிட்டது ஃபாக்ஸ். அமெரிக்க உரிமை யுனிவர்சலிடம். ஒப்பந்தப்படி கில்லியம் கொடுக்க வேண்டியது 125 நிமிஷத்துக்குள். அவர் கொடுத்த படம் நீளம். இதை வைத்து யுனிவர்சல் பிடித்துக்கொண்டது.

யுனிவர்சலின் தாய் நிறுவனமான எம்.சி.ஏ.வின் தலைவர் சிட் ஷைன்பெர்க். சினிமா தெரியாத ஆள் என்று இவரை ஒதுக்க முடியாது. இளைஞனாக இருந்த ஸ்பீல்பெர்க்கை அடையாளம் கண்டு வாய்ப்புக் கொடுத்தவர் இவர்தான். 15 மில்லியன் டாலர் போட்ட படம், இப்படி முடிந்தால் ஓடாது என்று அவர் நினைத்தார். வேறு எடிட்டர்களை வைத்து சந்தோஷமான முடிவோடு ஒரு வெர்ஷன் தயாரிக்கும் வேலையை ஆரம்பித்தார்.

கில்லியமும் தயாரிப்பாளர் ஆர்னன் மில்ச்சனும் கோர்ட்டுக்குப் போகவில்லை, ஊரைக் கூட்டினார்கள். 1985 அக்டோபரில் 'வெரைட்டி' பத்திரிகையில் கில்லியம் ஒரு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். துக்க அறிவிப்பு மாதிரி கறுப்பு பார்டர். நடுவில் ஷைன்பெர்க்கின் பெயரைச் சொல்லி, என் படத்தை எப்போ வெளியிடப் போறீங்க என்று ஒரே ஒரு கேள்வி. இன்னொரு பக்கம் விமர்சகர்களுக்கு சத்தமில்லாமல் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் விமர்சகர்கள் சங்கம், அமெரிக்காவில் ரிலீசே ஆகாத இந்தப் படத்துக்கு சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த திரைக்கதை என்று மூன்று விருதுகளைத் தூக்கிக் கொடுத்தது. வேறு வழியில்லாமல் யுனிவர்சல் அந்த மாதமே படத்தை வெளியிட்டது. அது கில்லியமே குறைத்துக் கொடுத்த 132 நிமிஷ வெர்ஷன். இருட்டான முடிவு அப்படியே இருந்தது.

நியாயமாக இன்னொன்றும் சொல்லணும். படம் அமெரிக்காவில் 10 மில்லியன் டாலரைக்கூடத் தொடவில்லை. வசூலைப் பற்றி ஷைன்பெர்க் பயந்தது வீண் பயம் இல்லை.

ஸ்டூடியோவின் 94 நிமிஷ வெர்ஷன் தியேட்டர் பக்கம் வரவில்லை, அமெரிக்க டிவியில் ஓடியது. 'காதல் எல்லாவற்றையும் வெல்லும்' என்ற அர்த்தத்தில் அதற்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. ஹாஸ்டலில் நான் பார்த்தது இந்தக் குழந்தையைத்தான்.

பெட்டிகள்

1996-இல் கிரைட்டீரியன் நிறுவனம் 'பிரேசில்' படத்தை ஐந்து லேசர்டிஸ்க் கொண்ட பெட்டியாகக் கொண்டு வந்தது. 1999-இல் அதையே மூன்று டிவிடியாகப் போட்டார்கள். முதல் டிஸ்கில் 142 நிமிஷப் படம், கில்லியமின் கமெண்டரியோடு. இரண்டாவதில் ஆவணங்கள். திரைக்கதை எப்படி வளர்ந்தது, படப்பிடிப்பு எப்படி நடந்தது என்பதெல்லாம் இருக்கும். முக்கியமாக, இந்தச் சண்டையைப் புத்தகமாக எழுதிய பத்திரிகையாளர் ஜாக் மேத்யூஸின் ஒரு மணி நேர ஆவணப்படம். மூன்றாவது டிஸ்கில் அந்த 94 நிமிஷ வெர்ஷன் முழுசா இருக்கு.

இது எவ்வளவு பெரிய முடிவு என்று யோசித்துப் பாருங்க. ஜெயித்தவர் கில்லியம். பெட்டி அவர் ஒப்புதலோடு வருகிறது. எதிராளி வெட்டிய படத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கலாம். போடவில்லை. அதுக்குன்னு தனியாக ஒரு கமெண்டரி வைத்து, எந்த ஷாட்டை எங்கே மாற்றினார்கள் என்று டேவிட் மார்கன் வரிசையாக விளக்குகிறார். கில்லியம் சொல்வது சரியா என்பதை நாமே இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் இந்தப் பெட்டியின் உண்மையான மதிப்பு அந்த மூன்றாவது டிஸ்கில்தான் இருக்கு.

தரம் எப்படி? 1999 டிவிடியில் ஒரு பெரிய குறை. அது அனமார்ஃபிக் இல்லை. டிவிடியில் மொத்தம் 480 வரிகள். பழைய சதுர டிவிக்கு ஏற்ற மாதிரி மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து அகலப் படத்தைப் பதித்தால், படத்துக்குக் கிடைப்பது சுமார் 346 வரிகள்தான். மிச்சம் கறுப்பைக் காட்டவே செலவாகிறது. அனமார்ஃபிக் முறையில் பதித்தால் சுமார் 461 வரிகள் கிடைக்கும். 2006-இல் மறுபடி வெளியிட்டபோது இதைச் சரி பண்ணினார்கள். யாராவது பழைய பெட்டியை மலிவாகத் தருகிறார்கள் என்றால், எந்த வருஷப் பதிப்பு என்று கேட்டுட்டு வாங்குங்க.

2011-இல் யுனிவர்சல் ஒரு ப்ளூ-ரே வெளியிட்டது. அதில் 132 நிமிஷ வெர்ஷன் மட்டும். 2012 டிசம்பரில் கிரைட்டீரியன் தன் பெட்டியை இரண்டு ப்ளூ-ரே டிஸ்குகளாக மாற்றியது. அதில் 142-உம் 94-உம் இருக்கின்றன.

என் பெரியம்மா பையன் அமெரிக்காவிலிருந்து வரும்போது இந்த 2012 பெட்டியை வாங்கி வரச் சொன்னேன். வந்தது. பிளேயரில் போட்டால் ஓடவில்லை. கிரைட்டீரியனின் அமெரிக்க ப்ளூ-ரேக்கள் ரீஜன் ஏ. இந்தியா ரீஜன் சி. காசு கொடுத்து வாங்கின டிஸ்கைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லையாம்! படத்துக்குள்ளே இந்தக் காட்சியை வைத்திருந்தாலும் பொருந்தியிருக்கும். அப்புறம் எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் ஒன்று வாங்கித்தான் பார்த்தேன்.

படம் அற்புதமாக இருக்கு. பழைய டிவிடியில் சாம்பல் கரைசலாகத் தெரிந்த இடங்களில் எல்லாம் இப்போ குழாய்கள் தெரிகின்றன. கடைசிச் சித்திரவதை அறையை லண்டனுக்குப் பக்கத்தில் கிராய்டன் மின்நிலையத்தின் குளிரூட்டும் கோபுரத்துக்குள் எடுத்தார்கள். அந்த வட்டச் சுவரின் உயரம் ப்ளூ-ரேயில்தான் எனக்கு உறைத்தது. கோபுரத்துக்கு நடுவில் ஒரு சின்ன நாற்காலி. பக்கத்திலேயே 94 நிமிஷ வெர்ஷனையும் போட்டுப் பாருங்க. மங்கலாக, டிவிக்காகத் தயாரித்த சரக்காகவே இருக்கும். அதை மெருகேற்றாமல் விட்டதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஆனால் ஒரு புகார் இருக்கு, சின்னப் புகார் இல்லை. 132 எங்கே? வெரைட்டி விளம்பரம், ரகசியத் திரையிடல், விருது என்று இவ்வளவு சண்டைக்குப் பிறகு 1985 டிசம்பரில் அமெரிக்க மக்கள் தியேட்டரில் பார்த்தது அந்த வெர்ஷனைத்தான். சண்டையின் வரலாற்றைச் சொல்லும் பெட்டியில் சண்டையின் முடிவு இல்லை. இன்னொரு விஷயம்: 142 நிமிஷ வெர்ஷனை கில்லியம் ஐந்தாவது, இறுதி வெர்ஷன் என்றே சொல்கிறார். அதாவது அது அவர் பின்னாளில் உட்கார்ந்து தீர்மானித்த வடிவம். 1985-இல் ஒரு பார்வையாளர் பார்த்ததும் இதுவும் அச்சு அசலாக ஒன்றே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மனசுக்குப் பிடித்த படம் வேண்டுமென்றால் கிரைட்டீரியன் போதும். வரலாறு வேண்டுமென்றால் யுனிவர்சலின் அந்த எளிய டிஸ்கும் பக்கத்தில் இருக்கணும்.

பார்க்கும் முன்னால்

டிஸ்க் வாங்காதவங்களுக்கும் ஒரு பழக்கம் சொல்றேன். எந்த வழியில் இந்தப் படம் கிடைத்தாலும் முதலில் நீளத்தைப் பாருங்க. 94 என்றால் மூடிடுங்க. 132 என்றால் அமெரிக்கத் தியேட்டர் வெர்ஷன், தாராளமாகப் பார்க்கலாம். 142 என்றால் கில்லியமின் வெர்ஷன். சுமார் 136 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். ஐரோப்பிய டிவிடிகளில் விநாடிக்கு 24 ஃபிரேம் படத்தை 25 ஆக ஓட்டுவார்கள். அதனால் 142 நிமிஷம் கிட்டத்தட்ட 136 ஆகச் சுருங்கும். காட்சி எதுவும் வெட்டப்படவில்லை.

ஒரு டிஸ்கை மதிப்பிடும்போது நான் படத்தின் கூர்மை, ஒலி, கூடுதல் வீடியோ எத்தனை என்றுதான் முன்னெல்லாம் பார்ப்பேன். இப்போ முதல் கேள்வி, உள்ளே இருப்பது எந்தப் படம் என்று அந்தப் பெட்டி என்னிடம் நேர்மையாகச் சொல்கிறதா என்பதுதான். என் ஹார்ட் டிஸ்கில் இருந்த ஃபைலின் பெயர் வெறுமனே 'பிரேசில்'. அதை நம்பித்தான் ஒரு மனுஷனைக் கோழை என்று சொன்னேன்.

அந்தப் பழைய எபிசோடை அழித்துடலாமா என்று யோசித்தேன். அழிக்கலை. அப்படியே இருக்கு. அதன் விளக்கக் குறிப்பில் முதல் வரியாக, "இதில் பிரேசில் பற்றிச் சொன்னது தவறு, நான் பார்த்தது 94 நிமிஷ வெர்ஷன்" என்று சேர்த்திருக்கேன். மெயில் அனுப்பிய நேயருக்கு நன்றி. நான் வேறு எங்கேயாவது உளறியிருந்தாலும் எழுதுங்க, ஒரே வரி போதும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.