பெயர்களைப் பிரித்து அடுக்கியவர்கள்

மதுரை மேலவெளி வீதியின் சர்வோதய இலக்கியப் பண்ணை என்றதும் காந்தி, வினோபா நூல்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே பண்ணை 1978இல் மூன்று தொகுதிகளாக ஒரு நூலை வெளியிட்டது. பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள். சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களின் அடைவு அது. தொகுத்தவர்கள் நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி. சுப்பராயலு அதற்கு இரண்டாண்டு முன்புதான் மதுரைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வை முடித்திருந்தார்.

தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் வரும் ஒரு பெயரைப் பாருங்கள்: பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான். இராசராசன் காலத்தில் அக்கோயிலின் ஸ்ரீகாரியம், அதாவது கோயில் நிர்வாகம், பார்த்த அதிகாரி. பொய்கைநாடு கிழவன் என்பது அவருக்கிருந்த நில உரிமையைக் காட்டுகிறது. ஆதித்தன் தந்தை, சூரியன் இவர். மிச்சமிருப்பது அரசு தந்த பட்டம். ஒரே பெயருக்குள் நிலம், குடும்பம், பதவி மூன்றும் இருக்கின்றன.

இப்படி ஆயிரக்கணக்கான பெயர்களைக் கூறுகூறாகப் பிரித்து, ஊர், ஆட்சியாண்டு, பதவி ஆகியவற்றோடு சேர்த்துக் கணினியின் துணையோடு அடுக்கினார்கள். சோழர் காலத்தையும் 985, 1070, 1178 ஆகிய ஆண்டுகளில் வெட்டி நான்காக்கினார்கள். பிறகு வேண்டிய கூட்டத்தைத் தனியே எடுக்க முடிந்தது: மூவேந்தவேளான் பட்டம் பெற்றவர்கள் யார் யார், அவர்களில் வரித்துறையான புரவுவரித் திணைக்களத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர், எந்தக் காலத்தில்?

பலன் பெரிது. சோழருக்கு வலுவான மைய நிர்வாகமே இல்லை என்று பர்ட்டன் ஸ்டைன் 1980இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். மறுத்தவர்களின் கையில் இந்தப் பெயர்க்கூட்டங்கள் இருந்தன. பட்டம் பெற்ற அதிகாரிகள் இராசராசன் காலம் முதல் திரள்வதும், வரித்துறையில் அவர்கள் அடர்ந்திருப்பதும் தற்செயலாக நடக்கக்கூடியவை அல்ல. மன்னனின் வெற்றிகளை அடுக்கும் மெய்க்கீர்த்தி சொல்லாத செய்தியைச் சாட்சிக் கையெழுத்திட்ட சின்ன அதிகாரிகளின் பெயர்கள் சொல்லிவிட்டன.

மதுரையைச் சுற்றிய ஊர்க்கோயில்களின் அடித்தளமான அதிட்டானங்களிலும் பாண்டிய அதிகாரிகளும் நாட்டாரும் வணிகரும் பெயர்களாக நிற்கிறார்கள். உங்கள் ஊரில் திருப்பணி தொடங்கினால், சுவரில் வண்ணம் ஏறுமுன் தொல்லியல் துறைக்குச் சொல்லிப் படியெடுக்கச் செய்யுங்கள்.