பதின்மூன்றாம் அதிகாரம்

கிறிஸ்தவ ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்காவது ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. கத்தோலிக்கர்கள் இதை ஆகமன காலம் என்றார்கள். இப்போது திருவருகைக் காலம் என்கிறார்கள். பிராட்டஸ்டண்டுகளிடம் அட்வெந்து என்ற சொல்லும் உண்டு. இந்த முதல் ஞாயிறில் தொழுவமும் நட்சத்திரமும் குழந்தையும் இல்லை. கத்தோலிக்கப் பூசையில் வாசிக்கப்படுவதெல்லாம் முடிவைப் பற்றி: சூரிய சந்திரர்களில் தோன்றும் அடையாளங்கள், இரவு கழியப்போகிறது என்ற எச்சரிக்கை, சொல்லாமல் வரும் திருடன். ஆண்டின் தொடக்கத்தில் முடிவை வைக்கும் இந்த அமைப்பை ஒரு கதைசொல்லியின் துணிச்சல் என்றே சொல்லலாம். ஆனால் என் அக்கறை வேறு. எதை வாசிக்கிறார்கள் என்பதைவிட, எங்கே வெட்டி வாசிக்கிறார்கள் என்பது.

நான் பி.ஏ. வகுப்பில் ஆங்கில இலக்கியத்துக்காகப் பைபிளைப் பிரித்தவன். பகல் முழுவதும் வங்கியில் பேரேடுகளோடு உட்கார்ந்திருப்பவன். முன்கூட்டியே பத்தி பிரித்து வைத்த காகிதங்களின் குணம் எனக்குத் தெரியும். சபைகளின் வாசகப் பட்டியல் அந்த வகையைச் சேர்ந்தது. எல்லாச் சபையும் அதற்குக் கட்டுப்பட்டதல்ல. 1830-ல் கோயம்புத்தூரில் வேலையைத் தொடங்கிய லண்டன் மிஷனின் மரபில், பிரசங்கி தனக்கு வேண்டிய பகுதியை எடுத்துக்கொள்ளலாம். ரோமன் கத்தோலிக்கர்களுக்கும் ஆங்கிலிக்கன்களுக்கும் அந்தச் சுதந்திரம் இல்லை. ஊரில் வெள்ளம் வந்தாலும் கொள்ளை போனாலும் அந்த ஞாயிறுக்குரிய பகுதிதான். பிரசங்கம் காற்றோடு போய்விடும். வாசகம் எது என்று நூறு வருஷம் கழித்தும் தேதி வைத்துச் சொல்லிவிடலாம். இந்த வகையில் பட்டியல் ஒரு சரித்திர ஆவணமும்கூட.

போத்தனூரின் பெயரை வெளியுலகுக்குக் கொண்டுபோனது ரயில். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன பாதை 1862-ல் இந்த வழியாகத்தான் போயிற்று. கோயம்புத்தூர் நகரத்துக்கே பிற்பாடு இங்கிருந்துதான் கிளைப் பாதை பிரிந்தது. 1921 நவம்பர் 19, சனிக்கிழமை மாலை, மலபார்க் கலகத்தில் பிடிபட்ட சுமார் நூறு கைதிகளைத் திரூரில் ஒரு சரக்கு வண்டியில் அடைத்துக் கதவைப் பூட்டினார்கள். பெரும்பாலோர் மாப்பிள்ளை முஸ்லிம்கள். பெல்லாரிச் சிறைக்குப் போக வேண்டியவர்கள். காற்று வரவேண்டிய இடத்திலிருந்த கம்பி வலை பெயின்ட்டாலும் தூசியாலும் அடைபட்டிருந்தது. வழியில் தண்ணீருக்கும் காற்றுக்கும் கதறினார்கள். காவலுக்கு வந்தவர்கள் அதே ரயிலில் வேறு பெட்டியில் இருந்தார்கள். நள்ளிரவுக்கு மேல் போத்தனூரில் கதவைத் திறந்தபோது 56 பேர் செத்துக் கிடந்தார்கள். பிறகு இறந்தவர்களையும் சேர்த்து 70 என்பது கணக்கு.

கதவு திறந்தபோது ஞாயிற்றுக்கிழமை பிறந்துவிட்டது. கத்தோலிக்க நாட்காட்டியில் அது ஆண்டின் கடைசி ஞாயிறு. அன்றைய வாசகம் மத்தேயுவின் 24-ம் அதிகாரம்: பேரழிவு, ஓட்டம், இருண்டுபோகும் சூரியன். அடுத்த ஞாயிறு, நவம்பர் 27, அட்வெந்து. அன்று கோவை மறைமாவட்டத்தின் பூசைகளில் லத்தீனிலும், ஆங்கிலிக்கன் ஆலயங்களில் ஜெப புத்தகத்தின்படியும், பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13-ம் அதிகாரம் வந்தது. இரண்டு சபைக்கும் ஒரே அதிகாரம். வெட்டிய இடம்தான் வேறு.

தமிழில் அதிகாரம் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். இந்தப் பதின்மூன்றாம் அதிகாரத்துக்கு இரண்டும் பொருந்தும். முதல் ஏழு வசனங்கள் ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படிவதைப் பற்றியவை. ஆளுகிறவன் கையிலுள்ள வாள் சும்மா இல்லை என்பதும், வரி கட்டவேண்டும் என்பதும் அங்கேதான். எட்டாம் வசனத்தில் பேச்சு கடனுக்குத் திரும்புகிறது: அன்பு ஒன்றுதான் என்றும் தீராத கடன், அயலானுக்குத் தீங்கு செய்யாததே சட்டத்தின் நிறைவு. பதினொன்றாம் வசனத்திலிருந்து விழிப்பு, விடியல், ஒளியின் ஆயுதங்கள். ஆங்கிலிக்கன் பட்டியல் எட்டில் தொடங்குகிறது, ரோமன் பட்டியல் பதினொன்றில். வாள் இரண்டு வெட்டுக்கும் வெளியே நின்றுவிடுகிறது.

ரோமன் வெட்டுக்கு ஒரு பெரிய வாசகர் உண்டு. 386-ல் மிலான் நகரத் தோட்டத்தில் அகஸ்தீன் ஒரு குழந்தையின் குரலைக் கேட்டுப் புத்தகத்தைத் திறந்தபோது கண்ணில் பட்டவை இந்த அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்கள். அதற்கு மேல் வாசிக்கத் தேவையில்லாமல் போயிற்று என்கிறார். அவர் தேடியது தன் உடலின் இச்சைகளிலிருந்து விடுதலை, கிடைத்தது. மேற்கத்திய அகவுலகத்தின் வரலாற்றில் அது ஒரு தொடக்கம். எனினும் அந்த அகவுலகத்தில் அயலான் இல்லை. மூன்று வசனம் முன்னால் திறந்திருந்தால் அயலான் வந்திருப்பான். ஒன்பது வசனம் முன்னால் திறந்திருந்தால் வாளும் அரசாங்கமும் வந்திருக்கும். 1921 நவம்பர் 27-ல் இந்த வட்டாரத்தில் பொருந்தியிருக்கக்கூடிய ஒரே வாசிப்பு அதிகாரத்தை முழுதாக வாசிப்பது. ஆளுகிறவனின் வாளையும் அயலானின் உயிரையும் அடுத்தடுத்து வைத்து, இந்த இரண்டுக்கும் எப்படிக் கணக்குத் தீர்ப்பது என்று கேட்பது. பட்டியல் அந்தக் கேள்வியிலிருந்து எல்லோரையும் காப்பாற்றிவிட்டது.

வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு கத்தோலிக்கப் பட்டியல் மாறியது. 1969 அட்வெந்திலிருந்து மூன்று வருஷச் சுழற்சி நடப்புக்கு வந்தது. ஞாயிறுகளில் பழைய ஏற்பாடும் சேர்ந்தது. சுழற்சியின் முதல் வருஷத்தில் ஏசாயாவின் இரண்டாம் அதிகாரம் ரோமர் 13-க்கு முன்னால் வருகிறது: ஆயுதங்களை அடித்து விவசாயக் கருவிகளாக்கும் நாள். பிராட்டஸ்டண்டுகளின் பழைய மொழிபெயர்ப்பில் பட்டயங்கள் மண்வெட்டிகளாகின்றன. கத்தோலிக்கர் வாசிக்கும் 1995-ன் பொது மொழிபெயர்ப்பில் வாள்கள் கலப்பைக் கொழுக்களாகின்றன. எபிரெயச் சொல்லே கொழுவா மண்வெட்டியா என்று அறிஞர்கள் தடுமாறும் சொல்; ஆகவே இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. கரிசல் மண்ணில் உழுகிற கொங்குக் குடியானவனுக்குக் கொழு அருகில் நிற்கிறது. ஆனால் எனக்குப் பட்டயம் என்ற சொல்லை விட மனமில்லை. வாள் என்ற அர்த்தம் மங்கி, செப்புப் பட்டயம், பட்டயப் படிப்பு என்று சாசனமாகவும் சான்றிதழாகவும்தான் இன்று அது காதில் விழுகிறது. இந்தத் தற்செயலில் ஒரு நியாயம் இருக்கிறது. திரூர் வண்டியில் யாரும் வாளை உருவவில்லை. ஒரு உத்தரவு, ஒரு வண்டி, ஒரு பூட்டு. வேலையைச் செய்தவை காகிதங்கள். ஆளுகிறவன் கையில் சும்மா இராத அந்த ஆயுதத்துக்கும் பழைய மொழிபெயர்ப்பில் பட்டயம் என்றுதான் பெயர்.

புதிய பட்டியலிலும் அந்த வசனம் அட்வெந்து ஞாயிறுக்கு வெளியேதான் நிற்கிறது. வெட்டு பதினொன்றில்தான். ஆயுதம் மண்வெட்டியாகும் கனவை வாசிக்கிறார்கள். அந்த ஆயுதம் யார் கையில் இருக்கிறது என்று சொல்லும் இடத்தை வாசிப்பதில்லை. விழித்துக்கொள் என்ற சொல் அதனால் பொய்யாகிவிடாது. எதைப் பார்த்து விழிப்பது என்பது மட்டும் கேட்பவன் பொறுப்பாகிறது. அவன் வீட்டுக்குப் போய் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசிக்க வேண்டும்.