செங்கால் நாரை கண்ட மதுரைக் குளிர்

மார்கழி, தை மாதங்களில் மதுரையின் இரவு வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். இதுவும் ஒரு குளிரா என்று வடநாட்டார் சிரிக்கக்கூடும். மேலாடை இல்லாதவனுக்கு அதுவே அதிகம்! பாண்டியனிடம் பரிசில் பெற மதுரைக்கு வந்த சத்திமுத்தப் புலவர் அப்படித்தான் வாடையில் நடுங்கினார். வானில் சென்ற நாரையிடம், ஊரிலிருக்கும் தம் மனைவிக்குத் தம் நிலையைச் சொல்லும்படி வேண்டிப் பாடினார். பாடநூலில் இதைப் படித்திருப்பீர்கள். இப்போது அதையே ஒரு பறவை நோக்கரின் குறிப்பாகப் படித்துப் பார்ப்போமா?

நாரையின் கால் சிவப்பு என்கிறார் புலவர். பவள நிற அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை காட்டுகிறார். நம் கண்மாய்களில் சாதாரணமாகக் காணும் மஞ்சள்மூக்கு நாரைக்கு இது பொருந்தாது. அதன் பெயரே சொல்லிவிடுகிறது. நத்தைகுத்தி நாரைக்கோ அலகின் நடுவே இடைவெளி உண்டு. நீண்டு நேராகச் சிவந்த அலகு, வெண்ணிற உடல், சிறகில் கறுப்பு – இவை செங்கால் நாரையின் அடையாளங்கள். பனங்கிழங்கு கிடைப்பதும் அந்தக் குளிர் மாதங்களில்தான். கண்ணெதிரே கண்டதையே புலவர் உவமையாக்கினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

வழியையும் கவனியுங்கள். தெற்கே குமரி வரை சென்று வடக்கே திரும்பும் பறவை என்கிறார். செங்கால் நாரை நம் நாட்டில் கூடு கட்டுவதில்லை. ஐரோப்பாவிலும் மேற்கு, மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்து, அங்கே குளிர்காலத்தில் இரை குறையும்போது தெற்கே வருகிறது. நிலம் சூடேறி மேலெழும் காற்றில் ஏறி, சிறகடிக்காமலே மிதந்து செல்லும். கடல்மேல் அத்தகைய காற்று பலமாக எழுவதில்லை. ஆகவே அகன்ற கடலைக் கடக்க இது பெரும்பாலும் தயங்கும். நிலம் முடியும் குமரியில் திரும்புவது இயல்புதானே?

வடக்கே எதுவரை போகிறது என்று புலவர் சொல்லவில்லை. கும்பகோணத்தை அடுத்த சத்திமுத்தம் வரை போனால் அவருக்குப் போதும்! ஐரோப்பியருக்கோ, குளிர்காலத்தில் தங்கள் நாரைகள் எங்கே மறைகின்றன என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 1822-ல் ஜெர்மனியின் க்ளூட்ஸ் என்ற ஊருக்கு அருகில் சுடப்பட்ட ஒரு நாரையின் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி குத்தியிருந்தது. ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் அதைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

இன்று தமிழகத்துக்குச் செங்கால் நாரை அரிதாகவே வருகிறது. மதுரையின் கண்மாய்களும் குறைந்துவிட்டன. உலகநேரிக் கண்மாய்ப் பகுதியில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை இயங்குகிறது. இருந்தாலும் சாமநத்தம் கண்மாய்க் கரையோ, 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியோ தொலைவில் இல்லை. தை மாதக் காலையில் போய் வாருங்கள். நாரை தென்பட்டால் முதலில் அலகைப் பாருங்கள். மஞ்சளா, சிவப்பா என்று தேதியோடு குறித்து வையுங்கள்.