பசையிட்டுப் பூட்டிய அச்சு

தொழில்நுட்ப வரலாற்றை முன்னோக்கி மட்டுமே செல்லும் பாதையாக வாசிக்கப் பழகியிருக்கிறோம். ரேடியோ அலையால் இயங்கிப் பாறையேறும் 'கிராலர்' என்னும் சிற்றுரு டிரக்கின் அச்சு நமக்கு வேறொன்றைச் சொல்கிறது.

வண்டி திரும்புகையில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிடக் கூடுதல் தொலைவு ஓடவேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுகப் பிணைத்தால் ஒன்று தரையில் தேயும். பிரான்ஸின் ஒனெசிஃபோர் பெக்கர் 1820-களின் பிற்பகுதியில் தம் நீராவி வண்டிக்கென வகுத்த டிஃபரென்ஷியல், சக்கரங்களுக்குத் தனித்தனி வேகத்தை அளித்தது.

பாறையிலோ அவ்வரமே சாபமாகிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது மட்டும் வீணே சுழலும். பாறையைப் பற்றிய சக்கரம் அசையாது நிற்கும்.

ஜப்பானின் தமியா 1987-இல் வெளியிட்ட கிளாட் பஸ்டர் டிரக்கில் அச்சுக்கொரு மோட்டார் இருந்தது. பாறையேற்ற ஆர்வலர்கள் அவ்வச்சுகளைக் கழற்றித் தாமே செய்த சட்டகங்களில் பொருத்தினர். டிஃபரென்ஷியலின் பற்களை எப்பாக்ஸிப் பசையால் இறுக்கிப் பூட்டினர். பெக்கர் அவிழ்த்ததை மீண்டும் கட்டினர், வண்டி ஏறியது.

1946-இல் ஜெர்மனியில் முன்மாதிரி கண்ட யூனிமாக், அச்சுக்குழலைச் சக்கர மையத்துக்கு மேலே உயர்த்தி, சக்கரத்தருகே பல்சக்கரங்கள் வழியே விசையைக் கீழிறக்கியது. வயிற்றடியில் பாறைக்கு இடம் கிடைத்தது. 2017-இல் வந்த டிராக்ஸாஸ் டிஆர்எக்ஸ்-4, அந்த உயர்ந்த அச்சையும், தொலைவிலிருந்தே பூட்டித் திறக்கும் டிஃபரென்ஷியலையும் ஒருங்கே பெற்றது.

ஆக, பழைய விறைப்பும் புதிய நெகிழ்வும் ஒரே அச்சில் வாழ்கின்றன. எது முன்னேற்றம் என்பதைச் சக்கரத்தின் கீழுள்ள தரையே தீர்மானிக்கிறது.